நூற்றெழுபது பேர் வாய்மூடிய நாலு நிமிடம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் ஹோலில், நோன்பு மாதத்தில், பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, நூற்றெழுபது பேரை முழுசாக நாலு நிமிடம் வாய்மூட வைத்தவள் நான். தடி எடுக்கவில்லை, பொலிஸைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

நம்பமாட்டீர்கள். கல்முனைப் பக்கத்துச் சனத்தைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார். எங்கள் ஆட்கள் தொண்டை நோவுக்கு மருந்தெடுக்க வந்தால், அந்தத் தொண்டை எப்படியெல்லாம் நோகிறது என்று வரிசையில் முன்னுக்கு நிற்பவருக்கும் பின்னுக்கு நிற்பவருக்கும் உரத்த குரலில் விளங்கப்படுத்திவிட்டுத்தான் டொக்டரிடம் போவார்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்து காகம்கூட எங்கள் கூரையில் இருப்பதில்லை. ரோட்டுக்கு அங்கால உள்ள வேம்பில் போய் இருந்துகொண்டு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டும்.

நம்பாதவர்களில் முதலாம் ஆள் என் மச்சான் காலிதீன். என் மாமாவின் மகன். நான் தாதியாக முப்பத்தொரு வருடம் ஓடிய அதே ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முப்பது வருடம் குளிசை எண்ணியவர். இப்போது இரண்டு பேரும் பென்ஷன். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிரஷர் கிளினிக்குக்கு வந்து, அதே ஹோலில், அதே நீட்டு வாங்கில், எங்கள் நம்பர் வரும்வரை இருந்து ஆளையாள் குறை சொல்வோம்.

போன செவ்வாயும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த ஒரு மனிசிக்கு நான் கதையைத் தொடங்கியதும் காலிதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சண்டைக்கு ஆயத்தமாகிறார் என்று அர்த்தம்.

"மச்சி, போன மாசம் நூத்திருவது பேரெண்டுதானே சொன்னீங்க?"

"இந்த மாசம் ஞாபகம் நல்லா வந்திரிக்கி மச்சான்."

"முதல்ல சொல்லக்குள்ள அறுவது. இப்பிடியே போனா வாற நோன்புக்கு அக்கரைப்பற்றுச் சனமெல்லாம் இந்த ஹோலுக்குள்ள வந்திரும். நானும் அண்டைக்கு டியூட்டி. அந்தக் கண்ணாடிக்கு அங்கால நிண்டன். அப்பிடியொரு அமைதி எனக்குக் கேக்கல்லயே!"

"அமைதி எப்பிடி மச்சான் கேக்கும்?"

"கதைய மாத்தாதீங்க. புளுகு புளுகுதான்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கதையில் நான் வெங்காயம், மிளகாய் கொஞ்சம் கூடப் போடுவேன் என்பது உண்மை. ஆனால் மீன் இல்லாமல் ஒருநாளும் ஆணம் காய்ச்சியதில்லை. சரி, இன்றைக்கு ஒன்றையும் ஒளிக்காமல் முழுசாகவே சொல்கிறேன், கேளுங்கள் மச்சான் என்று தொடங்கினேன். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய நோன்பு. வெள்ளாமை வெட்டுக் காலம். வயலில் மெஷின் ஓட, வீட்டுக்கு வீடு நெல் காய, ஊர் முழுக்கத் தூசு. நான் பென்ஷன் போக எழுபது நாள் கிடந்தது. வரிசையின் தலைமாட்டில் ஒரு மேசை, அதுதான் என் இடம். வருகிற ஆளைப் பார்த்து, யார் இந்த நிமிடமே உள்ளே போகவேணும், யார் கொஞ்சம் பொறுக்கலாம் என்று பிரிப்பது என் வேலை. முன்னுக்கு வந்தவர் முன்னுக்கு என்று பிரிக்க ஒரு ஆணி அடித்துத் துண்டு குத்தினால் போதும், தாதி தேவையில்லை. யாருக்கு நேரம் குறைவாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் கஷ்டம். அதை ஒருவரும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

அன்றைக்கு அவசர அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் உழவு மெஷினில் கால் மாட்டிய ஒருவர். டொக்டர் துலக்சன் அவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயது, நல்ல கை. மற்றக் கட்டிலில் இருந்தவரை வாட்டுக்கு ஏற்றத் தள்ளுவண்டிக்குக் காத்திருந்தார்கள்.

அந்த ஒரு கட்டிலுக்கு வெளியே மூன்று பேர்.

முதலாவது, காரைதீவுத் தம்பிமுத்து அண்ணன். கடல் தொழில். வலை கழற்றும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அவர் கத்திய கத்தலில் ஒலுவில் துறைமுகத்தில் நின்ற போட்டெல்லாம் கப்பல் வருகிறதென்று ஒதுங்கியிருக்கும்.

"மிஸ்! நான் சாகப்போறன் மிஸ்! என்ட பெண்சாதிக்கு ஆள் அனுப்புங்க!"

கையைப் பார்த்தேன். வீக்கம் இருக்கிறது, முள் உள்ளே முறிந்து கிடக்கவில்லை. நாடி பிடித்தேன். நிறம் நல்லது, மூச்சு தாராளம். இவ்வளவு கத்த இவ்வளவு காற்று வேணும். பேசினில் கை பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கையை அதற்குள் வைக்கச் சொன்னேன். மீன் முள் நோவு சூட்டுக்கு அடங்கும்.

"அண்ணன், நீங்க சாகமாட்டீங்க. தண்ணி ஆறினாச் சொல்லுங்க, மாத்தித் தாறன்."

"சாகாட்டியும் நோகுது மிஸ்!"

"நோகட்டும். நோவு இரிக்கிற மனிசன் உசிரோட இரிக்கார்."

இரண்டாவது, முனாப் ஹாஜியார். புடைவைக் கடை. மாதத்தில் மூன்று தரம் பிரஷர் பார்க்க வருவார், மூன்று தரமும் அவசரம்.

மூன்றாவது, ஸாலிஹா. இருபத்தெட்டு வயது. புருஷன் றிஸ்மிக்கு வீட்டோடு ஒட்டி ஒரு சின்ன நெல் ஆலை. வெட்டுக் காலத்தில் மூச்சு முட்டு வருவது அவளுக்குப் பழக்கம். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்க உம்மா ஹாஜறாவோடு வந்தாள். நெஞ்சு விசில் அடிக்கிற சத்தம் மேசையில் இருந்த எனக்கே கேட்டது. ஆனாலும் வசனம் வசனமாகக் கதைத்தாள். தவிட்டுத் தூசு என்றாள், மனிசனுக்கு விடிந்தாலும் ஆலை, பொழுது பட்டாலும் ஆலை என்று பகிடியும் விட்டாள்.

"பம்ப் அடிச்சீங்களா?" என்று, வாய்க்குள் மருந்து அடிக்கிற அந்தக் குப்பியைக் கேட்டேன்.

"ஓம் மிஸ்."

அந்த ஓமை நான் நம்பினேன். இந்தக் கதையில் என் பிழை இதுதான், அதை மறைக்கமாட்டேன். எப்போது அடித்தாய் என்று கேட்டிருக்கவேணும். நோன்பு பிடித்த ஒரு பிள்ளையின் ஓமுக்கு நேரம் கேட்காமல் விட்டதற்கு, முப்பத்தொரு வருட அனுபவத்தை என் காதில் பிடித்து முறுக்கவேணும். வெறும் கட்டில் வந்ததும் அடுத்த ஆள் இவள்தான் என்று குறித்து, என் கண்ணுக்கு நேரே முன் வாங்கில் இருத்தினேன்.

பிறகு சனம் நெருங்கிவிட்டது. லுஹர் தொழுகைக்கு முந்தி மருந்தெடுத்துவிட்டு ஓட எல்லாருக்கும் அவசரம். நோன்பு வயிறு, வெக்கை, கோபம். அதற்கு மேல் தம்பிமுத்து அண்ணன்.

பன்னிரண்டு பத்துக்கு ஹாஜறா லாத்தா சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்தா.

"மிஸ், நாங்க போறம். மகள்ட முட்டு நிண்டிட்டு. அல்ஹம்துலில்லாஹ். யாஸீன் ஓதி ஊதின நான். றிஸ்மி த்ரீவீலோட வாசல்ல நிக்கார். எங்கட இடத்த ஹாஜியாருக்குக் குடுத்திட்டம், பாவம், வயசாளி."

பேனையை வைத்தேன். நல்ல சேதி சொன்ன மனிசியிடம் கோபிக்கவும் ஏலாது.

திரும்பி ஸாலிஹாவைப் பார்த்தேன். முட்டு நின்ற ஆள் சாய்ந்து இருப்பாள், முகத்தைத் துடைப்பாள், தண்ணீர்க் குழாயை ஏக்கமாகப் பார்ப்பாள். இவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னுக்குக் குனிந்து இருந்தாள். நெற்றியில் குளிர்ந்த வேர்வை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கிட்டப் போய்க் குந்தினேன்.

"ஸாலிஹா, பம்ப் எப்ப அடிச்சீங்க?"

"ஸஹ..." என்றாள். ஒரு மூச்சு. "ருக்கு." இன்னொரு மூச்சு.

ஸஹர் சாப்பாட்டு நேரம், விடிய நாலரைக்கு அடித்தது. அதற்குப் பிறகு ஏழு மணித்தியாலம் தவிட்டுக்குள் நின்றிருக்கிறாள். பம்பைத் தொடவில்லை, நோன்பு முறிந்துவிடுமென்று.

"பகல்ல ஏன் அடிக்கல்ல?"

உம்மா முந்திக்கொண்டு சொன்னா. "போன வருசம் விட்ட நோன்பு, திருப்பிப் பிடிக்கிற களாவே பதினொண்டு கிடக்கு மிஸ். இந்த முற ஒண்டும் விடமாட்டனெண்டு நிக்காள். இப்பதான் நல்லமே. இந்தக் களைப்பு, அது ஸஹருக்குச் சரியாச் சாப்பிடல்ல. வீட்ட போய்ப் படுத்தாச் சரியாகிரும். வாங்க மகள்."

ஸாலிஹாவும் எழும்பப் பார்த்தாள். மூச்சை எண்ணினேன். அரை நிமிடத்துக்குப் பதினெட்டு, அப்படியென்றால் நிமிடத்துக்கு முப்பத்தாறு. நோயாளியின் இலக்கத்தில் நான் ஒருநாளும் ஒன்றுகூடக் கூட்டியதில்லை. அதை மட்டும் குறித்து வையுங்கள்.

முட்டு நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மூச்சுக் குழாய் திறந்துவிட்டது. மற்றது, அது ஒரேயடியாக அடைத்துவிட்டது. விசில் அடிக்கவும் காற்றில்லை. இவள் அந்த வாசலால் த்ரீவீலில் ஏறிப் போனால், நோன்பு துறக்கிற நேரம் அந்த வீட்டில் பேரீச்சம்பழம் இருக்கும், இவள் இருக்கமாட்டாள்.

"ஒருத்தரும் போக ஏலா," என்றேன்.

"என்ன மிஸ், நல்லாகின புள்ளய மறிக்கிறீங்க?" ஹாஜறா லாத்தா மகளின் கையைப் பிடித்து இழுத்தா. நான் மற்றக் கையைப் பிடித்தேன். வாசலில் த்ரீவீல் ஹோர்ன் அடித்தது.

உம்மாவை நம்பவைக்காமல் பிள்ளையை அசைக்க ஏலாது. பிரஷர் பார்க்கிற குழாயை எடுத்துக் காதில் மாட்டி ஸாலிஹாவின் முதுகில் வைத்தேன். என்ன கேட்டது தெரியுமா? தம்பிமுத்து அண்ணன். அவளுடைய நெஞ்சுக்குள் இருந்துகொண்டு "மிஸ், தண்ணி ஆறிட்டு!" என்று கத்துவதுபோல அவ்வளவு தெளிவாக. வைத்த இடமெல்லாம் அவரும், அவருக்குப் பின்னால் ஊரும்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது.

இதைத்தான் இத்தனை நாளும் காலிதீனுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். கரண்ட் நின்றதைச் சொன்னால் என் பெருமையில் பாதி கரண்டுக்குப் போய்விடும் அல்லவா? ஜெனரேட்டரைப் போடுகிறவர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போயிருந்தார். மின்விசிறியெல்லாம் நின்றது. சனம் "ஆ..." என்று ஒரே குரலில் கத்தி, முந்தியதைவிட இரண்டு மடங்கு இரைந்தது.

நான் மேசையில் ஏறினேன். என் பாரத்துக்கு அந்த மேசை இன்றைக்கும் ஒரு காலை மடித்துக்கொண்டுதான் நிற்கிறது. கையைக் காதோரம் வைத்து, தலையைச் சாய்த்து, ஹோல் முழுக்கக் கேட்கக் கேட்டேன்.

"பாங்கா அது?"

பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். நேரம் பன்னிரண்டேகால், தொழுகைக்கு அழைக்கிற பாங்கு வரவேண்டிய நேரம். கரண்ட் இல்லாவிட்டால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஊமை. மோதினார் வெறுந்தொண்டையில் சொன்னால் இரண்டு ஒழுங்கை தாண்டி எங்களுக்குக் கேட்பது கூர்ந்து கேட்டால்தான்.

கூர்ந்து கேட்டார்கள். முதலில் முன் வாங்கு, பிறகு நடு, பிறகு வாசல். அலை கரைக்கு வந்து அடங்குவதுபோல ஹோல் அடங்கியது. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். கோயிலுக்குப் போகிற காரைதீவு ஆட்களும் எங்களுக்காக வாயை மூடினார்கள். தம்பிமுத்து அண்ணன் தோளில் கிடந்த துவாயைப் பல்லால் கடித்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது, சத்தம் வரவில்லை. அந்த மனிசனை நான் மறக்கமாட்டேன்.

மேசையால் இறங்கிக் குழாயை ஸாலிஹாவின் முதுகில் வைத்தேன். வலப்பக்கம், மேல், கீழ். இடப்பக்கம். ஒன்றுமில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, உள்ளே காற்றுப் போகிற சத்தம் இல்லை. வெறும் வீடு.

குழாயைக் கழற்றி ஹாஜறா லாத்தாவின் காதில் மாட்டி, முதலில் அவவின் நெஞ்சிலேயே வைத்தேன். கண்ணால் கேட்டேன். தலையாட்டினா, கேட்கிறது. பிறகு மகளின் முதுகில் வைத்தேன். அந்த முகம் மாறியதை நான் சொல்லத் தேவையில்லை. மகளை இழுத்துக்கொண்டிருந்த கை விட்டுவிட்டது. அடுத்த நொடி அதே கை மகளை உள்ளே தள்ளியது.

அப்போதுதான் மோதினாரின் குரல் மெல்லிதாக வந்தது. பாங்குக்கு நடுவில் கதைக்கக் கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு ஒரு படையே அனுப்பியது. தள்ளுவண்டி வர, வரிசையைக் குலைத்துக்கொண்டு ஒருத்தியை உருட்டிக்கொண்டு போகிறேன். நூற்றெழுபது பேரும் பார்க்கிறார்கள், ஒருவராவது "எனக்கு முந்தின நம்பர்" என்று ஒரு சொல் சொல்ல வேணுமே! அவசர அறையில் முனாப் ஹாஜியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டார். என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பாங்கைக் கேட்டார், வாயை மூடினார். நான் விரலால் இறங்குங்கள் என்றேன். இறங்கினார். என் சேவைக் காலத்தில் ஹாஜியாரோடு நான் வாய்த் தர்க்கம் இல்லாமல் முடித்த ஒரே காரியம் அது.

டொக்டர் துலக்சன் தையலில் இருந்து தலையைத் தூக்கினார். "முட்டுதா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல டொக்டர். ஒண்டுமே கேக்கல்ல. வசனம் வருதில்ல. மூச்சு முப்பத்தாறு."

கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தார். விரலில் கவ்வுகிற கருவியை மாட்ட, இரத்தத்தில் ஒட்சிசன் எண்பத்துநாலு காட்டியது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டியது. ஒட்சிசன் சிலிண்டருக்குக் கரண்ட் தேவையில்லை. அதிலேயே மருந்தை ஆவியாக்கும் முகமூடியைப் பூட்டி, ஸாலிஹாவின் முகத்துக்குக் கொண்டுபோனேன். அவள் தள்ளினாள்.

"நோன்..." என்றாள்.

அதற்கு மேல் காற்றில்லை. சாகப்போகிற நேரமும் அவள் கவலை அது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"நோன்பக் களாச் செய்யலாம் மகள். உசிரக் களாச் செய்ய ஏலா!"

இன்னும் தள்ளினாள். அப்போது ஹாஜறா லாத்தா என் கையில் இருந்து முகமூடியை வாங்கினா. மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்து, முகமூடியை வைத்து அமத்திப் பிடித்தா. "இழு மகள். பன்னிரண்டாவது களா என்ட பேர்ல. நான் கூட இருந்து பிடிக்கன். இழு."

இழுத்தாள்.

டொக்டர் ஊசி ஏற்றினார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கோ பின்னால் ஜெனரேட்டர் இருமி எழும்பியது. அத்தோடு ஹோலும் எழும்பியது, நாலு நிமிடம் அடக்கி வைத்ததெல்லாம் வட்டியும் முதலுமாக. அதற்கு முன்னால் தம்பிமுத்து அண்ணன்.

பத்து நிமிடம் போயிருக்கும். எண்பத்தெட்டு. தொண்ணூறு. திடீரென்று ஸாலிஹாவின் நெஞ்சில் இருந்து ஒரு சத்தம் வந்தது. கீச்சென்று, பழைய கதவு திறக்கிற மாதிரி. பிறகு இன்னொன்று. ஹாஜறா லாத்தா அலறிவிட்டா.

"மிஸ்! திரும்பவும் முட்டுது மிஸ்!"

நான் சிரித்தேன். அறுபது வயது மட்டுமட்டான மனிசி, கட்டிலைச் சுற்றி ஒரு சின்ன ஆட்டமும் ஆடியிருப்பேன். டொக்டரும் சிரித்தார். அந்த விசில் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் தேன். காற்றுப் போகத் தொடங்கிவிட்டது.

பின்னேரம் அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பெருநாளுக்கு அடுத்த நாள் ஸாலிஹா என் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, என்னை ஏன் ஊருக்கு முன்னால் இப்பிடி உருட்டிக்கொண்டு போனீங்க, ஹாஜியார்ட பொஞ்சாதி இண்டைக்கும் என்னைக் கண்டா விசாரிக்கா என்று மூச்சு விடாமல் ஒரு நீண்ட வசனம் ஏசினாள். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று சொல். இப்படி இனிமையாக என்னை ஒருவரும் ஏசியதில்லை.

கதையை முடித்துவிட்டுக் காலிதீனைப் பார்த்தேன். அடுத்த பகிடிக்காகக் காத்திருந்தேன். மனிசன் தன் வலது காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் நிண்டதா மச்சி?" என்றார்.

"ஓம்."

"பாங்குக்குக் கொஞ்சம் முந்தி?"

"ஓம் எண்டுறன்."

"இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"பெருமையப் பங்கு போட விருப்பமில்ல. உங்களுக்கு என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

அவர் சுற்றிவரப் பார்த்தார். வாங்கில் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு நான் தல குனிஞ்சு குளிச எண்ணிக்கிட்டு நிண்டன். ஒரேயடியாச் சத்தமெல்லாம் நிண்டு போச்சு. தலயத் தூக்கினா, கண்ணாடிக்கு வெளியால சனம் நிறைய நிக்கி, ஒரு சத்தமும் இல்ல, பள்ளிப் பாங்கும் கேக்கல்ல. கண்ணாடியத் தட்டினன், அது கேட்டதோ இல்லையோ எண்டும் தெரியா. சரி, காது ரெண்டும் போச்செண்டு நெனச்சன்."

"யா அல்லாஹ்! மறுகா?"

"மறுகாச் சத்தம் வந்திச்சு, ஆனாப் பயம் போகல்ல. நோன்போட காதுக்குள்ள ஒண்டும் ஊத்த ஏலாதே. மஃரிப் மட்டும் பொறுத்து, நோன்பு துறந்த கையோட என்ட பொஞ்சாதி றுஸ்தா உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய ரெண்டு காதுலயும் ஊத்தினா. தராவீஹ் தொழக்குள்ள ரெண்டு பக்கமும் நிண்ட ஆக்கள் என்ட மணத்துக்கு ஒவ்வொரு அடி அங்கால போயிட்டாங்க. அடுத்த கிழம மட்டக்களப்புக்குப் போய்க் காதச் சோதிச்சன். அந்த டொக்டர், ஐயா, உங்கட காது கல்யாண மாப்பிள்ளைட காது எண்டுறார். நான் அவருக்கு ஒண்டும் தெரியாதெண்டு நெனச்சிட்டு வந்திட்டன். ரெண்டு வருசமா ஒருத்தருக்கும் சொல்லல்ல."

வாங்கே சிரிப்பில் ஆடியது. காலிதீன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த மனிசியிடம் திரும்பினார். சாட்சி சொல்கிற ஆள் மாதிரி நிமிர்ந்து இருந்தார்.

"நடந்ததுதான் புள்ள. என்ட ரெண்டு காதாலயும் நான் அனுபவிச்சன். ஆனா மச்சி சொல்றதுல ஒரு பிழ இரிக்கி. நாலு நிமிசமா? சும்மா குறைச்சுச் சொல்றா. அரை மணித்தியாலம் இரிக்கும்."